ஓடைக்கரையும் ஊர்தான்

புளியங்குடி எலுமிச்சை மண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர், எங்கள் பள்ளியில் படித்தவன், படியில் நின்றபடியே சத்தம் கொடுத்தான். “சார், ஞானபாக்கியம் டீச்சர் காலமாயிட்டாங்க. உங்களத்தான் எல்லாரும் தேடுதாங்க.” வாங்கின பழத்தை மண்டியிலேயே விட்டுவிட்டு எதிரே நின்ற பஸ்ஸில் ஏறினேன்.

சங்கரன்கோவிலில், எங்கள் ஊரில் இறங்கினால் பஸ் நிலையச் சுவர் முழுக்கப் போஸ்டர். ‘அமைதியின் உருவம், பொறுமையின் சிகரம்’ என்று போட்டிருந்தார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. டீச்சரை அறிந்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அந்த அம்மாள் என்றைக்காவது அமைதியாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? பொறுமை இருந்த பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. செத்த அன்றைக்கே ஒரு மனுஷியைச் சாதுவாக்கிவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பூகோள டீச்சர். நான் அதே பள்ளியில் டிராயிங் மாஸ்டர். எழுபதுகளின் நடுவில், பள்ளிப் பொருட்காட்சிக்காக வகுப்பின் வெளிச்சுவரில் ஊரின் படத்தை வரையச் சொன்னார்கள். கோயில், ரத வீதிகள், ரயிலடி, விசைத்தறிக் கூடங்கள் எல்லாம் வரைந்தேன். கிழக்கே ஓடையோடு நிறுத்திவிட வேண்டும் என்பது தலைமையாசிரியரின் உத்தரவு. டீச்சர் வந்து பார்த்தார்.

“ஓடைக்கரை எங்க மாஸ்டர்?”

“ஓடையோட ஊர் முடிஞ்சிருதாம் டீச்சர். சுவரும் முடிஞ்சுட்டு.”

“சுவர் முடிஞ்சா கதவு இருக்குல்லா? அதுல வரைங்க.”

தலைமையாசிரியரிடம் போய் என்ன சண்டை போட்டாரோ தெரியாது, வரைய அனுமதி வந்துவிட்டது. கதவைச் சாத்தினால் ஓடைக்கரை ஊரோடு ஒட்டிக்கொள்ளும். திறந்தால் வகுப்புக்குள் போய்விடும். பொருட்காட்சி முடியும்வரை டீச்சர் அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் வகுப்புக்குள் வைத்திருந்ததை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஓடைக்கரையில் இருந்தவர்கள் குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து, மழை பொய்த்த வருஷங்களில் வந்தவர்கள். இங்கே தறி ஓடுகிறது, கூலி கிடைக்கிறது என்று வந்து, ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டார்கள். தறிக்கு அவர்கள் வேண்டும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு குப்பை அள்ள அவர்கள் வேண்டும். ஊர்க் கணக்கில் மட்டும் வேண்டாம். “நம்ம ஊருக்கு ஆறு கிடையாது. மேக்க மலை தெரியுது, அந்தத் தண்ணி இங்கன வராது. இங்க வந்து சேர்ந்தது மனுசங்க மட்டும்தான். அவங்களையும் வேண்டாம்னா ஊருல மிச்சம் என்ன இருக்கு?” இதை டீச்சர் வகுப்பிலும் சொல்வார், ஆசிரியர் அறையிலும் சொல்வார், ரேஷன் கடை வரிசையிலும் சொல்வார்.

சில வருஷம் கழித்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்பு வீடுகளுக்கு எண் போடும் வேலை வந்தது. டீச்சருக்கு ஊரின் கிழக்குப் பக்கம். நல்ல கையெழுத்து என்று எண் எழுத என்னை அழைத்துக்கொண்டார். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் ஓடைப் பாலத்தில் வழிமறித்தார்.

“அந்தப் பக்கம் வேண்டாம் டீச்சர். நம்பர் போட்டா நாளைக்குப் பட்டா கேப்பான்.”

“போடலைன்னா அவங்க இல்லன்னு ஆயிருமா சார்? அப்ப காலையில தறிக்கு வாரதெல்லாம் பேயா?”

அவர் பதில் யோசிப்பதற்குள் நாங்கள் பாலத்தைத் தாண்டியிருந்தோம். சாயங்காலத்துக்குள் எல்லாக் கதவிலும் எண் எழுதி முடித்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு கதவிலும் எண் இல்லை. எல்லாவற்றின் மேலும் சாணியை மெழுகியிருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தறிக்கு நூல்தார் சுற்றும் செல்லத்தாய் என்ற பெண்தான் முன்னால் வந்து பேசினாள்.

“முன்னாலயும் இப்படித்தான் நம்பர் போட்டாவ டீச்சரம்மா. எண்ணிப் பாக்கத்தான்னு சொன்னாவ. மறுவாரமே வந்து நம்பர் போட்ட வீட்டையெல்லாம் இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாவ. நம்பர் இல்லாத வீடுதான் தப்பிச்சுது.”

அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? எண்ணைக் கண்டு பயப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது. அதிகாரிக்கோ ஏக சந்தோஷம். “அவங்களே வேண்டாங்காங்க. விடுங்க டீச்சர்” என்றார்.

டீச்சர் விடவில்லை. செல்லத்தாயிடம், “இங்கன காலி வீடு எதாவது கெடக்கா?” என்று கேட்டார். பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர் ஒருவரின் வீடு கிடந்தது. அந்த வாரமே தள்ளுவண்டியில் கட்டில், பைபிள், இரண்டு பானை, ஒரு உலக உருண்டையோடு டீச்சர் ஓடைக்கரைக்குக் குடிவந்துவிட்டார். “முதல் நம்பரை எங் கதவுல எழுதுங்க மாஸ்டர். நல்லாப் பெருசா எழுதுங்க. இடிக்க வாரவன் என் வீட்டுலேருந்துதான் ஆரம்பிக்கணும்” என்றார். நான் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டுச் செல்லத்தாய் தன் வீட்டுக் கதவிலிருந்த சாணியைச் சுரண்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் சுரண்டினார்கள்.

டீச்சர் இருக்கிற இடமா அது என்று பள்ளியில் கேட்டார்கள். “பாடம் எங்க நடத்தணும்னுதான் ஆர்டர்ல இருக்கு. எங்க படுக்கணும்னு இல்லையே சார்” என்றார். பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டார். போகவில்லை. கணக்கெடுப்பு முடிந்தது, ஓடைக்கரை ஊரோடு சேர்ந்தது. மனு மேல் மனுவாகக் கொடுத்து ஒரு தெருக்குழாயும் வாங்கினார். முதல் நாள் அதில் தண்ணீர் வரவில்லை. மறுநாள் மனு கொடுத்த அலுவலக வாசலில் காலிக் குடங்களோடு உட்கார்ந்து, வரவழைத்துவிட்டுத்தான் எழுந்தார். பொறுமையின் சிகரமாம்!

பட்டா மட்டும் வரவில்லை. கடைசிவரை அவர் அதற்காக நடந்தார்.

இரங்கல் கூட்டத்தில் எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். “டீச்சரும் போயாச்சு. இனி ஓடைக்கரையைக் காலி பண்ணிரலாம். கேக்க யாரு இருக்கா?” திரும்பிப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவர் ஒருவர் வாயை மூடி என்ன ஆகப்போகிறது?

அடுத்த கணக்கெடுப்புக்கு அதிக காலம் இல்லை. டீச்சரின் வீடு பூட்டிக் கிடந்தால், ஆள் இல்லாத வீடு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்று காலி என்று எழுதிவிட்டால் அடுத்தடுத்து எழுதுவதற்குக் கை தானாக வரும். அங்கே குடிபோய்விடுவோம் என்று என் மனைவியிடம் சொன்னேன். “குழாயில தண்ணி ஒழுங்கா வருதா?” என்று மட்டும் கேட்டாள். வருகிறது என்றேன்.

ரத வீதியில் சொந்த வீடு இருக்க உனக்கு ஏன் இந்த வேலை என்று அண்ணாச்சிமார் கேட்கிறார்கள். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபம் ஒன்றைத்தான். அதை வைத்துக்கொண்டு ரத வீதியில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. தை பிறந்ததும் நாங்கள் ஓடைக்கரைக்கு, டீச்சர் வீட்டுக்கே குடிபோகிறோம். இடிக்க வருகிறவர்கள் வரட்டும். முதல் கதவைத் தட்டினால் நான்தான் திறப்பேன்.