இல்லாத எலி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருடமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். தெருவில் எல்லோருக்கும் லென்ஸ் அண்ணன். லென்ஸில் நடுப்புள்ளி குறித்து, ஃபிரேமின் அளவுக்கு மெஷினில் தேய்த்து, ஃபிரேமைச் சூடுகாட்டிப் பொருத்தித் தருவார். அந்தப் புள்ளி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலிதான். அவர் கையில் அப்படித் தள்ளிப்போனதே இல்லை என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். முதலாளி யாரையும் லேசில் புகழ்கிற ஆள் இல்லை.

கையில் இருந்த இந்தச் சுத்தம் வாயில் இல்லை. பொய்யர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. எதிரில் நிற்கிறவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காது அவருக்கு. முகத்துக்குச் சற்றும் பொருந்தாத ஃபிரேமை மாட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால், "உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கடையில் இது ஒன்றும் குடி கெடுக்கவில்லை. வீட்டில் கெடுத்தது.

வீடு என்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். அவரும் தங்கையும் மட்டும். பதினான்கு வயது வித்தியாசம் என்பதால் பாதி தகப்பன் மாதிரி. தங்கை பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிறவள். மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். மூன்று வருடம் செய்தாள். சுடுவது, ஓடுவது, குதிப்பது எதுவும் இல்லாத கேம். திரையில் ஓர் அறை வரும். அங்கே இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாகக் க்ளிக் செய்து பார்த்து, வேண்டியதை எடுத்து, ஆட்களிடம் பேச்சுக் கொடுத்து, பூட்டியதைத் திறந்து கதையை நகர்த்த வேண்டும். ஒரு பழைய தங்கும் விடுதியை ஒரு வாரத்தில் மூடப்போகிறார்கள். தங்கினவர்கள் மறந்துவிட்டுப் போன பொருள்களை எல்லாம் உரியவர்களிடம் சேர்க்க அங்கே வேலை பார்க்கிற பெண் அல்லாடுகிறாள். இதுதான் கதை. கேமுக்குப் பெயர் 'கேட்பாரற்றவை'.

இசை போட்டவள் தங்கையின் தோழி. முதல் தடவை வந்தபோது கீபோர்டைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அண்ணனுக்கு அவள் பெயரே கீபோர்டு. அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அண்ணன் தங்கையின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். விடுதியின் சமையலறையில் ஓர் எலி வந்து விருந்தாளியின் கோட்டுப் பித்தானைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அந்தப் பெண் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து தேடுகிறாள், எலி ஒவ்வொரு தடவையும் அவள் மூடிய டப்பாவிலிருந்து எட்டிப் பார்க்கிறது. கீபோர்டு அதற்கென்றே ஒரு குறும்பான மெட்டுப் போட்டிருந்தாள். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மறுநாள் கடையில் முதலாளியிலிருந்து கூட்டுகிற அம்மா வரை எல்லோருக்கும் எலிக் கதையைச் சொன்னார். அந்த மூன்று வருடத்தில் அவர் ஒழுங்காகப் பார்த்தது அந்த ஒரு காட்சியைத்தான்.

கேமை வெளியிட ஒரு மாதம் இருக்கும்போது தங்கை முழுதாக முடித்த பிரதியைத் தன் பழைய கம்ப்யூட்டரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் எல்லா விடையும் தெரியும் அண்ணா. நீதான் வெளி ஆள். எங்க முழிக்கிறியோ அங்க குறிச்சு வை. நான் மாத்திடறேன்."

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தார். முதல் அறையிலேயே மேஜை டிராயர் ஒன்று பூட்டியிருந்தது. சாவியைக் காணோம். குடையை க்ளிக் செய்தார், நாற்காலியை க்ளிக் செய்தார், நாள்காட்டியை நாற்பது தடவை க்ளிக் செய்தார். அடுத்த இரண்டு சாயங்காலமும் உட்கார்ந்து பார்த்தார். டிராயர் அசையவில்லை. ஊரார் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கிற மனிதருக்குத் திரைச்சீலையின் மடிப்பில் கடுகளவு எட்டிப் பார்த்த சாவி தெரியவே இல்லை. இன்ன இடத்தில் முழிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைத்தான் தங்கை கேட்டதே. ஆனால் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தங்கை மூன்று வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்ததில் முதல் அறையைக்கூடத் தாண்டத் தெரியாத மண்டு என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். அவளிடம் போய், முடித்துவிட்டேன், பிரமாதம், ஓர் இடத்திலும் தடங்கலே இல்லை என்று சொன்னார். அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் தான் சொன்னது பொய் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

கேம் வெளியானது. விற்கிற தளத்திலேயே விளையாடினவர்கள் கருத்து எழுதலாம். கட்டைவிரலை உயர்த்தியோ கவிழ்த்தோ காட்டலாம். முதல் நாள் நாற்பது கருத்து வந்தது. படங்கள் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். இசையைக் கேட்பதற்காகவே ஓர் அறையில் சும்மா நின்றேன் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கடைசிக் காட்சியில் அழுதுவிட்டதாக ஒருவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அழுதவரும் சரி, ரசித்தவளும் சரி, நேராக முதல் அறைக்கு வந்து வறுத்தெடுத்தார்கள். சாவிக்காகவே ஒரு மணி நேரம் போச்சு என்றார் ஒருவர். மடிப்பில் சாவியை ஒளித்து வைத்தவருக்கு நல்ல கண்ணாடிக் கடையாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். பாதிப் பேர் அந்த அறையோடு எழுந்து போய் விரலைக் கவிழ்த்திருந்தார்கள். 'இதை வெளியிடுவதற்கு முன்னால் ஒரே ஒரு மனிதரையாவது உட்கார வைத்து விளையாடச் சொன்னார்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த ஒரே ஒரு மனிதர் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சாவியைக் கொஞ்சம் பெரிதாக வரைந்து மாற்றிவிடலாம் என்று கீபோர்டு சொல்லிப் பார்த்தாள். தங்கை கேட்கவில்லை. கேமே விளையாடாத எங்க அண்ணன் ஒரு இடத்தில்கூட முழிக்கவில்லை, இவர்களுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான் என்று அடித்துப் பேசினாள். அண்ணன் தட்டைக் கழுவப் போய்விட்டார். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

அப்போதே வாயைத் திறந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். திறக்கத் தைரியம் இல்லாத மனிதர் வேறு வழியில் பிராயச்சித்தம் தேடினார். கடையில் சாப்பாட்டு நேரத்தில், பின்னறைக் கம்ப்யூட்டரில், மூன்று பொய்ப் பெயர்களில் கேமை வாங்கினார். ஐந்து நிமிடமாவது விளையாடியிருந்தால்தான் கருத்து எழுத முடியும் என்பது தளத்தின் சட்டம். அதனால் கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார். ஆறு நிமிடம் ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார். முதல் பெயரில், சாவியைக் கண்டுபிடிக்கிற சுகமே தனி என்று அளந்தார். இரண்டாவது பெயரில், குறை சொல்கிறவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினார். அன்று சாயங்காலம் தங்கை அந்த இரண்டையும் சத்தமாகப் படித்துக் காட்டியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மூன்றாவது பெயரில் இன்னும் ஒரு படி மேலே போனார். சமையலறையில் எலி பித்தானைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற காட்சிக்காகவே இந்த கேமை வாங்கலாம், சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது என்று எழுதினார். மூன்றில் அது ஒன்றுதான் மனதார எழுதியது.

அந்த எலியைத் தங்கை ஒரு வருடத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட்டிருந்தாள். கதை அங்கே தொங்குகிறது என்று சமையலறையையே தூக்கிவிட்டாள். வெளியான கேமில் எலியும் இல்லை, டப்பாவும் இல்லை. முதல் அறையைத் தாண்டாதவருக்கு அது எப்படித் தெரியும்?

விளையாடினவர்கள் முதலில் நம்பினார்கள். ரகசியச் சமையலறை இருக்கிறதாம் என்று தேடக் கிளம்பினார்கள். 'ஓட்டை வாளி' என்ற பெயரில் எழுதுகிற ஒருவர் பதினோரு மணி நேரம் தேடினார். சுவர் சுவராக க்ளிக் செய்தாராம், பாவம். எலி அகப்படாத கடுப்பில் அவர் எலியை எழுதினவர் பக்கம் திரும்பினார். தளத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் எத்தனை நேரம் விளையாடினார் என்று போட்டிருக்கும். எலிக்காரர் ஆறு நிமிடம். சாவியைப் புகழ்ந்தவரும், ஏசினவரும்கூட ஆறே ஆறு நிமிடம். மூன்று பேரும் ஒரே வாரத்தில் முளைத்தவர்கள். ஓட்டை வாளி மூன்றையும் வரிசையாக எடுத்துப் போட்டார். எலி, செய்தவர்கள் வெட்டிப்போட்ட காட்சியாகத்தான் இருக்க வேண்டும், அது வெளி ஆளுக்குத் தெரிய வழியில்லை, செய்தவர்களே தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் பதில்கள். உயர்த்தியிருந்த விரலைச் சிலர் கவிழ்த்தார்கள். கடைசிக் காட்சியில் அழுதவர் வந்து, என் கண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினார். தங்கைக்கு 'எலிக்காரி' என்று பெயர் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீபோர்டு வந்ததும் தங்கை கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டுவிட்டாள். எலியைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்றே பேர். தான் எழுதவில்லை. அண்ணன் கேமை முழுதாக முடித்தவர், அதில் எலி இல்லை என்பது அவருக்குத் தெரியும். எலியை எடுத்தபோது தன் மெட்டுப் போகிறதே என்று இரண்டு வாரம் பேசாமல் இருந்தது யார்? கீபோர்டு முதலில் சிரித்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். நான் எழுதலை என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். தங்கை நம்பவில்லை. கீபோர்டு அதற்கு மேல் வாதாடாமல் மூலையிலிருந்த போர்வையை எடுத்து உதறி, அங்கேயே வைத்திருந்த தன் வாத்தியத்தைச் சுற்றினாள்.

அண்ணன் உள்ளறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. மென்று முழுங்கினார். தன் பொய்யே தனக்குச் சாட்சி சொல்லித் தன்னை விடுவித்து, அந்தப் பெண்ணை மாட்டிவிட்டிருப்பது அவருக்கு நன்றாகப் புரிந்தது. அப்படியும் வாய் வரவில்லை. வந்தது கைதான். அவள் கையிலிருந்த வாத்தியத்தை வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். குறுகலான படிகளில் சுவரில் இடிக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கினார். வண்டியில் ஏற்றி, போர்வையின் நுனியை நன்றாகச் செருகியும் விட்டார்.

கீபோர்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தர்தான் அண்ணா என்னைச் சந்தேகமா பாக்கலை" என்றாள்.

வண்டி போய்விட்டது. அவர் வாசலிலேயே நின்றார். இறங்கும்போது தெரியாத மூன்று மாடி ஏறும்போது தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கையின் முன்னால் போய் நின்றார்.

"அந்த மூணு கருத்தும் நான் எழுதினது" என்றார்.

தங்கைக்கு முதலில் விளங்கவில்லை. எலி இல்லை என்று தெரிந்துகொண்டே ஏன் எழுதினாய் என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். கூனிக் குறுகி நின்றுகொண்டு மிச்சத்தையும் சொன்னார். முதல் அறை, டிராயர், மூன்று நாள், வெட்கம், கடைச் சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் திரையில் இருந்த கருத்துகளை மறுபடியும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள்.

"என்னைத் திட்டினவங்கள்ல எத்தனையோ பேர் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் விளையாடிட்டுத் திட்டியிருக்காங்க. அந்த ஓட்டை வாளி பதினோரு மணி நேரம். நீ என்கூட இதே வீட்ல இருந்துகிட்டு ஆறு நிமிஷத்துல புகழ்ந்திருக்க. அதுவும் சாப்பிட்டுக்கிட்டு."

இத்தனை வயதுக்கு இப்படி ஓர் அவமானத்தை அவர் பட்டதில்லை. மூன்று பொய்ப் பெயர்களில் எழுதியது அதில் பாதிகூட இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. கீபோர்டைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள் என்று மெதுவாகச் சொன்னார். தங்கை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நான் அப்புறம் கேக்கறேன். முதல்ல நீ சொல்லு. சுத்தி வளைக்காம சொல்லு."

அவள் போனை அவர் பக்கம் தள்ளினாள். அவர் எடுத்து எண்ணைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் கீபோர்டு. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. "சொல்லுங்கண்ணா, ஏதாவது விட்டுட்டு வந்துட்டேனா?" என்று வாஞ்சையாகக் கேட்டாள்.

"ஒண்ணும் விடலம்மா" என்றார். தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை எழுதினது நான்தாம்மா. தெரிஞ்சுக்கிட்டேதான் உன்னை வண்டி ஏத்தி விட்டேன்."