அப்பா உட்கார்ந்து பார்த்த சோபா

அந்தச் சோபாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. தேக்குச் சட்டம், பச்சை வெல்வெட்டு மெத்தை, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நாற்பதுகளில் விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசையிலேயே வேறு யார் வீட்டிலும் சோபா கிடையாது. வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அது வந்ததே அம்மாவுக்காகத்தான். அவளுக்கு இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தே இரவுகளைக் கழித்து முதுகு மரத்துப்போயிருந்தது. தூக்கம் இல்லாவிட்டால் இந்த உடம்பு தாங்காது, நல்ல சாய்மானமாக ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாய்வு நாற்காலி வாங்கலாம் என்றேன். "ஆம்பள மாதிரி கால நீட்டிக்கினு கெடக்கச் சொல்றியா?" என்று அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

திண்டிவனத்தில் ஒரு மரச்சாமான் கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர் இரண்டு சோபாக்களைக் காட்டினார். ஒன்று தாழ்வானது, துணி கொஞ்சம் வெளுத்தது. மற்றது இந்தப் பச்சை. "அம்மாவுக்குத்தானுங்களே? அவங்கள ஒக்காரச் சொல்லுங்க" என்றார். அம்மா என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அப்பா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தே அறியாதவள், கடைத்தெருவில் உட்காருவாளா? "நீங்களே பாருங்க. உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றாள் அப்பாவிடம்.

அப்பா ரயிலில் கொடி காட்டும் கார்டு, ஆறடி ஆள். தாழ்வானதில் உட்கார்ந்தார், முழங்கால் மார்பை இடித்தது. "சீ, இது கொழந்தைங்களுக்கு" என்று எழுந்தார். பச்சையில் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடிப் பார்த்தார். "இதான்!" என்றார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்!

அம்மா குள்ளம். வீட்டில் ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. முதுகு சாயவில்லை. ஒரே வாரத்தில் பாதம் இரண்டும் வீங்கிவிட்டன. காலுக்கு ஒரு மணையைப் போட்டேன். "எடுடி அத. அவரு பாத்தா, நாம வாங்கனது சரியில்லியோன்னு நெனப்பாரு" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, சோபாமேல் தலையை மட்டும் வைத்துக்கொள்ளப் பழகினாள். கழுத்து ஒரு பக்கமாக மடிந்து கிடக்கும். அதில் என்ன தூக்கம் வரும்? அப்பாவுக்குப் பெரும்பாலும் ராத்திரி டூட்டி. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுவிடுவாள். "சோபா எப்படி கீது?" என்பார். "நல்லா கீதுங்க" என்பாள். என்ன ஜென்மங்களோ, இருவருக்கும் நடுவில் நான் கிடந்து அலுத்துப்போனேன்.

இரண்டு வருஷம்கூட அம்மா இருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன மத்தியானம், அப்பா சோபாவின் முன்னால் வந்து நின்றார். முதுகு சாயும் இடத்தைத் தடவினார். வாங்கிய அன்றைக்குப் போலவே பளபளத்தது. உட்காரும் மெத்தையின் ஓரத்தில் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது.

"இங்க எப்படிம்மா எண்ணெ?"

"அம்மா தல வச்சிக்கினு இருந்த எடம்பா. கீழதான் ஒக்காருவாங்க. கால் எட்டல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அந்தக் கடையில, நான் கொஞ்சம் வெளிய போயி நின்னிருக்கணும்" என்றார்.