ஆய்த்து சொல்ல மாட்டேன் என்றவன்

ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கன்னடச் சீமையின் பீன்யா தொழிற்பேட்டையில் இரும்புத்தூளைக் கூட்டிப் பெருக்கத் தொடங்கி, இன்று பிரஸ் மெஷின்கள் ஓடும் பட்டறைக்கு முதலாளி. எவன் தயவும் இல்லை. மனிதனைத் திருத்துவது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

காவிரித் தண்ணீர்ச் சண்டையில் ஊர் எரிந்து அடங்கிய பிறகு, அமைதி வகுப்பு நடத்துகிறோம் என்று யாரோ வந்தார்கள். கன்னடக்காரனையும் தமிழனையும் கை கோக்கச் சொன்னார்கள். கோத்தார்கள். சமோசா தின்றார்கள். மத்தியானமே இரண்டு கூட்டமும் தனித்தனி மூலையில், அவனவன் செல்போனுக்கு வந்த வெறி வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பாம்!

பெரிய பிரஸ்ஸுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் தகட்டை அச்சுக்குள் வைத்துக் கையை எடுத்ததும் "ஆய்த்து" என்று கத்துவான். முடிந்தது என்பதற்குக் கன்னடச் சொல். அதைக் கேட்டுத்தான் மற்றவன் பெடலை மிதிப்பான். தமிழனும் அதையேதான் கத்துவான், அது பட்டறை வழக்கம். கலவரத்தில் அண்ணனின் லாரியைப் பறிகொடுத்த ஆற்காட்டுக்காரன் மட்டும் வாயை மூடிக்கொண்டான். அந்த பாஷையில் ஒரு சொல்கூட வராதாம். பெடலில் நின்றவன் கன்னடக்காரன், துமகூர்க்காரன்; கல்லெறிந்த கூட்டத்தில் இருந்தவன். குத்துமதிப்பாக மிதித்தான். ஒரு நாள் ஆற்காட்டுக்காரனின் விரல் மயிரிழையில் தப்பியது.

ஓடிப்போய் அவனைத் தள்ளிவிட்டு, என் கையை அச்சுக்குள் வைத்தேன்.

"மிதிடா!"

"பேடா, வேணாம் சார், கைய எடுங்க!" என்று அலறினான் துமகூர்க்காரன்.

"கல்லு வுட்டப்போ இனிச்சுதில்ல? இதுவும் தமிழன் கைதான். மிதி!"

"இனிமே ஆய்த்து சொல்லாம மிதிக்க மாட்டேன் சார், தேவராணை!" காலை எடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான்.

ஆற்காட்டுக்காரனைப் பார்த்துக் கத்தினேன். "நீ மொண்டிக் கையோட கெடப்ப, அவன் ஜெயில்ல கெடப்பான். வீடியோ அனுப்புனவனா வந்து கஞ்சி ஊத்துவான்?"

ஆற்காட்டுக்காரன் மெயின் சுவிட்சை அணைத்து, என் தோளைப் பிடித்து இழுத்தான். "பைத்தியமா மொதலாளி உனக்கு?"

"ஹௌதப்பா, ஹுச்சுதான், பைத்தியந்தான் இவருக்கு" என்றான் துமகூர்க்காரன்.

கலவரத்துக்குப் பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் பேசியது அதுதான் முதல் தடவை. என்னைத் திட்டுவதற்காகத்தான் பேசினார்கள். திட்டட்டும். மெஷின் திரும்ப ஓடியபோது ஆற்காட்டுக்காரன் அந்தச் சொல்லைக் காறித் துப்புகிற மாதிரி கத்தினான். எனக்கு அது போதும். கட்டிப்பிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இன்றுவரை ஒருவன் வீட்டு விசேஷத்துக்கு மற்றவன் போனதும் இல்லை.

ஆனால் அன்று சாயங்காலம்வரை, இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னை அந்த மெஷின் பக்கமே விடவில்லை, ராஸ்கல்கள்.