லோகா வேலைக்குப் போயிருக்கா

காலை எட்டரைக்கு என் அக்கா லோகேஸ்வரி தலையைப் பின்னி, பொட்டு வைத்து, அடுப்படியை எட்டிப் பார்த்து, "அம்மா, போயிட்டு வரேன்" என்பாள். "சரி, போயிட்டு வா" என்பார் அம்மா. அக்கா ஏழெட்டு அடி நடந்து பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வாள். மாலை ஐந்தரைக்குக் கதவு திறக்கும். "வந்துட்டேன்மா." அடுப்பில் தேநீர் ஏறும். ஆறு வருடங்களாக இப்படித்தான்.

கோலாலம்பூர் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு, பல மணிநேரப் பயணத் தொலைவில் உள்ள எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டிலிருந்தே இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிறாள். வேலை நேரத்தில் அவள் கைப்பேசி கூடத்தில் கிடக்கும். ஐந்தரைக்கு மேல் மடிக்கணினி அந்த அறையைவிட்டு வெளியே வராது. மாலையில் அம்மாவோடு கீழே இறங்கி நடப்பாள்.

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். நானும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். சாப்பாட்டு மேசையில், ஒரு கையால் சோற்றைப் பிசைந்தபடி. "தம்பிக்கு இன்னும் வேலை கிடைக்கலயா?" என்று பக்கத்து வீட்டு ரோசம்மா கேட்டால் அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பார்.

சென்ற மார்ச்சில் ஒருநாள் இணையம் அறுந்தது. மேலாளர் சுகுமாரன் அக்காவின் கைப்பேசிக்கு அழைத்தார். அம்மா எடுத்தார்.

"லோகா வேலைக்குப் போயிருக்கா தம்பி. அஞ்சரைக்குத்தான் வருவா."

"வேலைக்கா? எந்த வேலைக்கு?"

"என்னா தம்பி, தினமும் போறாளே, அதுக்குத்தான் லா."

மேசையில் இருந்த நான் சிரித்தேன். எழுந்து போய் விளக்கவில்லை.

இணையம் திரும்பியதும் அக்காவுக்குக் கடிதம் வந்தது: உங்கள் வீட்டாரிடம் பேசியதில், நிறுவன நேரத்தில் வேறு வேலை பார்ப்பதாகத் தெரிகிறது, திங்கள் முதல் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு வரவும். பதினோரு மணிக்கு அறைக்கதவு திறந்தது.

"போன் அடிச்சா எடுத்துப் பேசணுமா? உன்னால நான் வீட்டையே விட்டுப் போவணும் போல!"

அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் அந்த அறைக்குள் போனார். "கூப்பிடு அந்தத் தம்பிய."

காணொலியில் சுகுமாரன் தெரிந்தார்.

"தம்பி, காலையில 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டு அவ வேலைக்குப் போற இடம் இதான். நல்லா பாத்துக்குங்க. நானே உள்ள வரமாட்டேன்."

சுகுமாரனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "இந்த ரூமுக்கா 'போயிட்டு வரேன்'னு சொல்றாங்க? எங்க ஆபீஸ்லயே இவ்வளவு ஒழுங்கு இல்ல, ஆன்ட்டி!" என்று சிரித்தார். கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

அன்றும் ஐந்தரைக்கு "வந்துட்டேன்மா" கேட்டது. அக்கா கீழே போய் அம்மாவுக்குப் பிடித்த, கடலையும் சர்க்கரையும் வைத்து மடித்த அப்பம் பாலிக் வாங்கி வந்தாள். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஆனால் கூடத்தில் அந்தக் கைப்பேசி அடித்தால், அம்மா இப்போது அதை எடுக்காமல், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். "நீயே எடும்மா" என்று அக்கா இன்னும் சொல்லவில்லை.