இரண்டு பள்ளிக்கும் நடுவில் அக்காவின் பேர்

பிள்ளைகளே, உங்கள் அக்கா ஒரு வாரம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத பிள்ளையாக இருந்தாள். நீங்கள் அப்போது சின்னவர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் விஞ்ஞானத்துக்கு டீச்சர் இல்லை. அவளை டவுன் பள்ளிக்கு மாற்றினோம். தோட்டத்துப் பள்ளி கிளார்க் தன் கம்ப்யூட்டரில் அவள் பேரை அழித்துவிட்டு, டவுன் பள்ளிக் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பினார். அழித்தது உடனே நடந்தது. செய்தி போகவில்லை, மழைக்குப் போன் லைன் விழுந்திருந்தது. அழிப்பதற்கு எந்த மழையும் தடையில்லை.

டவுன் பள்ளியின் கிளார்க் அம்மா, "பேர் வரலைங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வராட்டி அரசாங்கத்துச் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட ஏலாது," என்றார்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கு ஓடினேன். "அப்பிடி ஒரு பிள்ளை எங்ககிட்ட இல்லையே," என்றார் கிளார்க். பத்து வருஷம் அங்கே படித்தவள்!

"சேர், நான்தாங்க அது," என்றாள் அக்கா, அவர் மேசைக்கு முன்னால் நின்று.

"ஸ்கிரீன்ல இல்லையேம்மா."

மனுவுக்குப் பதில் வராவிட்டால் அதே மனுவைத் திரும்பவும் போடுவது நம் தோட்டத்து வழக்கம். அந்தப் புத்தியில், மூன்று நாளும் போய் நின்று, பழைய செய்தியையே நாளுக்கு ஒரு தரம் மறுபடி அனுப்ப வைத்தேன். வியாழக்கிழமை லைன் வந்தது. தேங்கிக் கிடந்த செய்தியெல்லாம் ஒன்றாகப் போய் இறங்கியது.

"இப்ப உங்களுக்கு ஒரே பேர்ல நாலு மக," என்றார் கிளார்க் அம்மா. "கம்ப்யூட்டர் ஒண்ணையும் ஏத்துக்க மாட்டேங்குது."

"மூத்ததையாவது எடுத்துக்கங்கம்மா," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

"அம்மா, எங்க தோட்டத்துல காலைல பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுல, ஆளை வேற டிவிஷனுக்கு அனுப்பினா, அங்க உள்ள கங்காணி 'வந்துட்டான்'னு சொல்ற வரைக்கும் இங்க உள்ளவரு பேரை வெட்டமாட்டாருங்க. கம்ப்யூட்டருக்கு அது தெரியாதுங்களா?" என்று கேட்டேன்.

கிளார்க் அம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். வந்திருந்த நாலு பதிவையும் நீக்கிவிட்டு, தோட்டத்து கிளார்க்குக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"பிள்ளை பேரை முதல்ல திரும்பப் போடுங்க. ஒரே தரம் அனுப்புங்க. நான் சொல்லாம அழிக்காதீங்க."

"வந்துருச்சாங்க?" என்று கொஞ்ச நேரத்தில் கேட்டார் தோட்டத்து கிளார்க்.

"வந்துருச்சு."

"எத்தனை?"

"ஒண்ணுதான்."

"அப்ப அழிக்கிறேன்."

"இருங்க சேர், அவசரப்படாதீங்க. பிள்ளை விண்ணப்பத்துல கையெழுத்துப் போடட்டும்."

என் பக்கத்தில் நின்ற அக்கா குனிந்து எழுதினாள். அழிக்காமல் காத்திருந்த அந்த மனுஷர் மூச்சு விடுவதுகூடப் போனில் கேட்டது.