ருவேன் வயல்

லிசவார்னாவில் மொத்தமே ஒன்பது வீடுகள். எட்டு வீடுகளைக் குடும்பப் பெயரால் சொல்வார்கள். மிச்சமிருந்த ஒன்றுக்கு ஊரார் வைத்த பெயர் ‘நிலந்தின்னி வீடு’. சபினா மனெலி அந்த வீட்டில் பிறந்தவள்.

காரியம் நடந்தது அவள் பிறப்பதற்கு முன்பு. உருளைக்கிழங்கு அழுகிப்போன ஒரு வருஷத்தில், குத்தகை கட்ட முடியாத ருவேன் குடும்பத்தைப் பிரபுவின் ஆட்கள் கூரையைப் பிடுங்கி வெளியே தள்ளினார்கள். அந்த நிலத்தை எவரும் எடுக்கக் கூடாது என்று ஊர் கூடிப் பேசியது. சபினாவின் தாத்தா எடுத்துக்கொண்டார். ருவேன்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஏறும் முன்பே அவர்கள் வீட்டுக் கிழவி வாய்க்கால் ஓரத்தில் மழையில் கிடந்து செத்துப்போனாள்.

பிரபுக்கள் போனார்கள், நாடு விடுதலையாகிக் கொடி மாறியது. லிசவார்னா மறக்கவில்லை. தேவாலயத்துப் பூசைக்குப் போனால் மனெலிகள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அறுவடையில் வீட்டுக்கு வீடு கைகொடுக்கிற ஊர், அவர்கள் களத்துப் பக்கம் மட்டும் வராது.

இளவயதில் ஃபெஸ்டி லாஃப்டஸ் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அடுப்பெரிக்கச் சதுப்பு மண் வெட்டப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம். அவன் அம்மா குரலைக்கூட உயர்த்தவில்லை.

“தாராளமா கட்டிக்கோடா. அவ இந்த வாசப்படி ஏறுற அன்னிக்கு நான் இறங்கிடறேன். வாய்க்கா ஓரத்துல கிழவிங்க சாகறது இந்த ஊருக்குப் புதுசா என்ன?”

ஃபெஸ்டி லிவர்பூலுக்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளவும் வரவில்லை.

அப்பா செத்துப்போனார், பிறகு தம்பி மேட்டியும் போய்ச் சேர்ந்தான். சபினாவுக்கு அறுபது தாண்டிய ஒரு கோடையில், வாடகைக் காரில் மர்லீன் ருவேன் என்ற அமெரிக்கக்காரி வந்து இறங்கினாள். லாஃப்டஸ் வீட்டில் அவளுக்குக் கேக்கும் பன்றித் தொடையும், அக்கார்டியன் வாசிப்பும். சபினாவை யாரும் அழைக்கவில்லை.

மறுநாள் காலை மர்லீன் தன் முன்னோர் வீட்டின் இடிந்த சுவர்களைப் பார்க்க வயலுக்கு வந்தாள். சபினா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

“இந்த வயல் உங்களோடது. எங்க தாத்தா எடுத்துக்கிட்டார். எனக்குப் புள்ள குட்டி கிடையாது. உங்க பேருக்கே எழுதிக் குடுத்துடறேன், வாங்கிக்குங்க.”

“ஐயோ, என்னங்க நீங்க! நான் சிகாகோவுல ஒரு பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறேன். இத வச்சு என்ன பண்ணுவேன்?”

“எங்களப் பத்தி உங்க வீட்ல ஒண்ணும் சொன்னதில்லையா?”

“உங்க பேரையே இப்பதான் கேக்கறேன். தாத்தா ஊரப் பத்திப் பேசவே மாட்டாராம். மழை ஜாஸ்தின்னு மட்டும் சொல்லுவாராம்.”

சிரித்துக்கொண்டே சபினாவின் தோளில் கை போட்டாள். ஒரு மனுஷக் கை அந்தத் தோளில் விழுந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சபினா அசையாமல் நின்றாள்.

அந்த வாரம் கடைக்குப் போனபோது, கடைக்கார ஹனோரியாவிடம் அவளே பேச்செடுத்தாள். அப்படி அவள் பேசியதே இல்லை.

“அவங்களுக்கு எங்க மேல ஒரு வருத்தமும் இல்லையாம். எங்க பேருகூடத் தெரியாதாம்.”

ஹனோரியா சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“போனவங்க மறந்திருக்கலாம் சபினா. இங்கயே கிடக்கறவங்க நாங்க எப்படி மறக்கறது?”

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சபினாவுக்குத் தாங்கவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மழையிலேயே நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ருவேன் வயலில் மாடு கட்டவில்லை, புல்லும் அறுக்கவில்லை. சுவர் மறைகிற உயரத்துக்குக் கோரை வளர்ந்தது. அதன் பிறகும் வெகுகாலம் அவள் உயிரோடு இருந்தாள்.