காணாமல் போன சூலம்

பஸ் குன்னூர் தாண்டியதும் வேலாமணி கண்ணை மூடிக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் எழுத்தைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். அதனால் புத்தகம் புருஷன் ஹரிதாஸின் மடியில் இருந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து, குளித்தும் குளிக்காமலும் ஊட்டி பெர்ன்ஹில் வீட்டிலிருந்து கூடவே கிளம்பியவன்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் வேலாமணி, பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்க ஆசைப்பட்டு அஞ்சல்வழியில் எம்.எஸ்சி. சேர்ந்தாள். மற்றத் தாள்கள் தேறின. குவாண்டம் மெக்கானிக்ஸ் மட்டும் மூன்று முறை போயிற்று. இன்று மதியம் கோயமுத்தூரில் எழுதுவதும் போனால் பட்டமே இல்லை. இதற்குமேல் வாய்ப்பு கிடையாது. தடிப் புத்தகங்களோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, இந்த முறை ஒல்லியான அறிமுக நூல் ஒன்றை வாங்கியிருந்தாள். விளக்கமும் ஒல்லிதான். "எளிதில் காணலாம்" என்று அது ஒரே வரியில் தாண்டுகிற இடத்தில் அவள் ஒரு வாரம் உட்கார்ந்திருப்பாள்.

"மேட்டுப்பாளையத்துல எறங்கித் திரும்பிரலாமுங்க. என்னால ஆவறதில்ல."

"அதுவரைக்கும் சொல்லு. நான் சரி பாக்கறேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"உருவம் தெரியுமில்ல."

ஆறு மாதமாக ஒப்பித்தல் அப்படித்தான் நடந்தது. அலைச்சார்பைக் குறிக்கும் கிரேக்க எழுத்து அவனுக்குச் சூலம். குறுக்குக்கோடு போட்ட எச், உடைந்த நாற்காலி.

இடத்தையும் உந்தத்தையும் வரிசை மாற்றிப் பெருக்கிக் கழிக்கும் கணக்கை அவள் முணுமுணுத்தாள். வழக்கம்போல் ஒரு துண்டு மிச்சம் நின்றது.

முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, எந்தக் கோயில் மந்திரமுங்க?"

"சூலம் இருக்கற கோயில்தானுங்க," என்ற ஹரிதாஸ் பக்கத்தைப் புரட்டினான். "ஏம்புள்ள, முந்தின பக்கத்துல வரிக்கு வரி கடைசீல சூலம் நிக்குது. இங்க ஒண்ணையும் காணோம். யாரு தூக்கிட்டுப் போனா?"

"எடம் மிச்சம் பண்ண விட்டிருப்பாங்க. சும்மா இருங்க."

பஸ் பர்லியாற்றில் நின்றது. யாரோ பலாச்சுளை வாங்க இறங்கினார்கள். சூலத்தை விட்டிருந்தாலும், அது அங்கே நிற்பதாக எண்ணித்தானே கணக்குப் போட வேண்டும்? இரண்டாவது உறுப்பில் எக்ஸுக்கு மட்டும் வகைக்கெழு எடுத்திருக்கிறாள், மூன்று பரீட்சையிலும். பக்கத்தில் சூலத்தை நிறுத்தினால் வகைக்கெழு இரண்டாகப் பிரியும். ஒன்று முதல் உறுப்போடு அடிபட்டுப் போகும். மற்றதுதான் விடை.

"ஐ, நாற்காலி, சூலம்," என்றாள் கண் திறக்காமல்.

"ஐ இருக்குது. நாற்காலி இருக்குது. சூலந்தான் இல்ல."

"அத நான் போட்டுக்கறேன்."

சந்தோஷம் வரவில்லை. இந்த ஒரு வரிக்கா இத்தனை வருஷம் என்று உடம்பு கனத்தது. இன்னும் பாதிப் பாடம் அரைகுறையாகத்தான் கிடந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஹரிதாஸ் பையை எடுத்தான். "எறங்கோணுமா?"

அவள் அவன் தோளில் சாய்ந்தாள். "கோயமுத்தூரு வந்தா எழுப்புங்க."

"நானே தூங்கிருவேன் புள்ள."

"கண்டக்டர்கிட்டச் சொல்லி வைங்க."